இரண்டு தேக்சா, ஒரே சுவை

தன் அம்மாவின் பிணத்தை ரோட்டில் விடாமல் தடுத்தது பாதைப் பிரச்சினை அல்ல, சாப்பாட்டுப் பிரச்சினை என்பது விழுப்புரத்துக்குப் போன பிறகுதான் இருதயராஜுக்குத் தெரியவந்தது. அதுவரை அவன் அதைப் பாதைப் பிரச்சினை என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

புன்னைவாடி, பிரம்மதேசத்துக்குத் தெற்கே ஏரியை ஒட்டிய ஊர். காலனியிலிருந்து கிளம்பும் தார் ரோடு ஊர்த்தெருவுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டத்தைத் தொட்டுக்கொண்டு திண்டிவனத்துக்குப் போகிறது. அந்த ரோட்டில் பால் வண்டி போகும், கரும்பு டிராக்டர் போகும், பள்ளிக்கூட வேன் போகும். இருதயராஜ் தன் லோடு ஆட்டோவை அதில்தான் தினமும் ஓட்டிக்கொண்டு போவான். காலனிக்காரன் உயிரோடு இருக்கும்வரை ரோட்டுக்கு ஆட்சேபணை கிடையாது. செத்த பிறகு அவன் ஏரிக்குள் இறங்கித்தான் போக வேண்டும்.

லூர்துமேரி செத்தபோது இருதயராஜ், "எங்கம்மா ரோட்டுலதான் போவும்" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவனுக்கே பயமாகத்தான் இருந்தது. ஊர்த்தெரு முனையில் பழைய பிரசிடென்ட் சீனுவாசன் ஆட்களோடு குறுக்கே நின்றார். "ஏரி இருக்குதில்ல, டேய்" என்றார். பாடையை ரோட்டில் இறக்கிவைத்துக் காலனி உட்கார்ந்துகொண்டது. வெயில் ஏறியது. மாலையில் போலீஸ் வந்து இரண்டு பக்கத்தையும் பார்த்தது. நகர்த்துவதற்கு எந்தப் பக்கம் சுலபம் என்பது அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது.

ஏரியில் தண்ணீர் வற்றி முழங்கால் சேறாக இருந்தது. நடுவில் ஒருவனுக்குக் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. முன்னால் தூக்கிய இருதயராஜ் முகங்குப்புற விழுந்தான். எழுந்ததும் தன் வாயிலிருந்த சேற்றைத் துப்பாமல் அம்மாவின் முகத்தைத்தான் முதலில் துடைத்தான்.

அதற்குத்தான் அவன் விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தான். மனு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய், கடைசியில் மாடிப்படிக்குக் கீழே இருந்த 'நல்லிணக்க விருந்து வாரியம்' என்ற அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் சிறப்பு அலுவலர் தமிழ்மணி. நெற்றியில் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர். யாரையும் நிற்கவைத்துப் பேச மாட்டார். இருதயராஜை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், மனுவை முழுக்கப் படித்தார்.

"நீங்க பாதைன்னு எழுதியிருக்கீங்க" என்றார். "பாதைங்கிறது அறிகுறிதான். நோய் என்னன்னு பாக்கணும். கடைசியா எப்ப ஊர்க்காரங்களோட ஒண்ணா உக்காந்து கறி சாப்பிட்டீங்க?"

"சாப்பிட்டதே இல்லிங்க சார்."

"பாத்தீங்களா."

தமிழ்மணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நோயைக் கண்டுபிடித்துவிட்ட டாக்டரின் நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. பிணத்தைத் தடுக்கிறவன் ஏன் தடுக்கிறான்? பழக்கம் இல்லாததால் தடுக்கிறான். பழக்கம் எப்படி வரும்? பக்கத்து இலையில் உட்கார்ந்தால் வரும். சைவச் சாப்பாட்டில் அது வராது, பல ஊரில் செய்து பார்த்தாயிற்று. சாம்பார் சாதத்தை அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். ஆட்டுக்கறி என்றால் எலும்பு இருக்கும், நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் மனிதனோடு மனிதன் பேசுவான். வாரியமே இந்த ஆராய்ச்சியின் மேல்தான் நிற்கிறது என்றார்.

"விருந்து முடிஞ்சா ரோடு வுட்ருவாங்களா சார்?"

"விருந்து முடிஞ்சா ரோடுங்கிற கேள்வியே வராது" என்றார் தமிழ்மணி. இருதயராஜ் அதை நல்ல பதிலாகவே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வாரியம் விருந்து மட்டும்தான் போடும், ஆடு போடாது. இரண்டு தரப்பும் ஆளுக்கொரு ஆடு தர வேண்டும், கொடுத்துச் சாப்பிட்டால்தான் கௌரவம் என்பது விதி. காலனியில் அப்போது வெட்டும் பருவத்துக்கு வந்த கிடா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது லூர்துமேரி வளர்த்தது. பேத்தி இசைவாணி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்கென்று குட்டியிலிருந்து வைத்திருந்தாள். கடலை பிடுங்கிய மல்லாட்டைக் கொடியும் அகத்திக்கீரையும் போட்டு, தன் தட்டில் மிச்சம் வைத்த கேப்பைக் களியைக் கையால் ஊட்டி வளர்த்த கிடா. அவள் போன பிறகு காலையில் அவிழ்த்துவிட்டால் மேயப் போகாமல் அவள் கட்டில் இருந்த இடத்தில் வந்து நின்று கத்தும்.

தமிழ்மணி ஜீப்பில் வந்து அதைப் பார்த்தார். முதுகைத் தடவிப் பார்த்து, "நல்ல சதை" என்றார்.

இருதயராஜின் மனைவி ஜெசிந்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சார், அத்தை இத வேற காரியத்துக்கு வச்சிருந்தாங்க. கடையில வாங்கித் தர்றோமே" என்றாள்.

"கடை ஆடு உணர்ச்சியில்லாம இருக்கும்மா. ஊர்த் தரப்புல தயாரா இருக்காங்க. காலனித் தரப்பு ஆடு தரலன்னா, ஒத்துழைக்கலன்னுதான் நான் எழுதணும். அதுக்கப்புறம் உங்க மனு என் மேசையில இருக்காது. வேற எங்க இருக்கும்னு எனக்கும் தெரியாது."

ஜீப் போன பிறகு ஜெசிந்தா கிடாவுக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகு, "எடுத்துக்கினு போவட்டும். அடுத்த சாவுக்காவது ரோடு கெடைக்கும்" என்றாள். கிடாவைப் பிடித்துக்கொண்டு போக வாரியத்து ஆட்கள் வந்த அன்று அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலனியில் ஆட்டுக்கறி அடிக்கடி வேகாது. வேகும் அன்று தெரு முழுக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து இருதயராஜ் திண்டிவனத்தில் வரிசையில் நின்று கழுத்துக்கறியும் நெஞ்செலும்பும் வாங்கி வருவான். லூர்துமேரி கறியை அதிகம் கழுவ விடமாட்டாள், ருசியெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும் என்பாள். மிளகும் மல்லியும் அம்மியில் அரைத்து, மல்லாட்டை எண்ணெயில் சின்ன வெங்காயம் கருகும் பதத்தில் கறியைப் போட்டுப் புரட்டினால் முதலில் ஒரு பச்சை வாசனை எழும்பும், அது மெல்ல மாறி இனிப்பான வாசனையாகும். களியை உருட்டிக் குழி பண்ணி அதில் குழம்பை ஊற்றித் தருவாள். முதல் வாயில் காரம்தான் தெரியும். அடுத்ததில் கொழுப்பு நாக்கில் கரைந்து காரத்தை அடக்கும். சதை நார் நாராகப் பிரிந்து தொண்டைக்குள் போன பிறகு, அடிநாக்கில் பாலும் புல்லும் கலந்த மாதிரி ஒரு தித்திப்பு நிற்கும். அதுதான் கறி, மற்றதெல்லாம் மசாலா என்பாள் லூர்துமேரி. நல்லி எலும்பைத் தட்டில் தட்டி உறிஞ்சும்போது தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாயங்காலம் வரை விரலில் வாசனை இருக்கும். கழுவ யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

இதையெல்லாம் வாரியம் முறைப்படுத்த வேண்டியிருந்தது. அதனால் ஒத்திகை வைத்தார்கள்.

ஒத்திகை ஊர்த்தெருச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. காலனியின் சார்பில் சீனுவாசன் பக்கத்தில் உட்காரப் போகிறவன் இருதயராஜ் என்று தீர்மானமாகியிருந்தது. மனு போட்டவன் அவன்தான். அந்தக் கூடத்துக்குள் அவன் அதுவரை வந்ததில்லை. சிமெண்ட் மூட்டை இறக்கியபோதுகூட வாசலோடு நின்றுவிட்டான். ஒத்திகைக்குக் கறி கிடையாது என்பதால் இலையில் மீல்மேக்கரை வைத்தார்கள். சீனுவாசன் வரவில்லை. அவருடைய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "இதுதான் பிரசிடென்ட்டுன்னு நெனைச்சுக்குங்க" என்றார் தமிழ்மணி.

இருதயராஜ் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"இப்ப எலும்பு கடிக்கிற மாதிரி செஞ்சு காட்டுங்க."

அவன் மீல்மேக்கரை எலும்பாக நினைத்துக்கொண்டு உறிஞ்சினான். வீட்டில் வரும் சத்தம் வந்தது.

"இந்தச் சத்தம் வேணாம்" என்றார் தமிழ்மணி. "மைக்குல பிடிக்கும். அவங்களுக்கும் ஒரு மாதிரி இருக்கும். சமத்துவத்துல சத்தம் வரக்கூடாது. மெதுவா, வாயை மூடி, ஆனா சந்தோஷமா சாப்பிடணும். சந்தோஷம் கண்ணுல தெரிஞ்சா போதும்."

இருதயராஜ் கண்ணால் சந்தோஷப்பட்டுக் காட்டினான். சரியாக வரவில்லை. மறுபடி மறுபடி செய்யச் சொன்னார்கள். அம்மா உயிரோடு இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டபோது ஓரளவு வந்தது. "இதுதான், இதையே வச்சிக்குங்க" என்றார் தமிழ்மணி. கடைசியில் அவன் பேச வேண்டிய வசனத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். கறி எப்படி இருக்கிறது என்று மேடையிலிருந்து கேட்பார்கள். 'ஒற்றுமையாக இருக்கிறது' என்று அவன் சொல்ல வேண்டும்.

விருந்துக்கு முந்தின நாள் சீனுவாசன் தரப்பிலிருந்து ஒரு சின்ன வேண்டுகோள் வந்தது. ஒன்றாக உட்காரச் சம்மதம். ஆனால் அவர்கள் ஆடு அவர்கள் தேக்சாவில் வேக வேண்டும், காலனி ஆடு காலனி தேக்சாவில் வேக வேண்டும். கரண்டியும் மாறக்கூடாது.

இருதயராஜ் தமிழ்மணியிடம் போய், "அப்ப இன்னா சார் ஒண்ணா சாப்பிடறது?" என்று கேட்டான்.

தமிழ்மணி பொறுமையாக விளக்கினார். "பாத்திரம் ஒண்ணா இருக்கணும்னு விதியில எங்கயும் இல்ல. சமத்துவம் செய்முறையில இருக்கு. ஒரே மசாலா, ஒரே எண்ணெய், ஒரே விறகு. ரெண்டு தேக்சாவோட புகையும் மேல போயி ஒண்ணாத்தான் கலக்குது, அதை யாரும் தடுக்கல பாருங்க." அவர் அதை உண்மையாகவே ஒரு முன்னேற்றமாகச் சொன்னார். "ஆனா ஒண்ணு. ரெண்டும் ஒரே ருசியா இருந்தாகணும். அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

அதற்காக ஒரு சுவைக் குழு அமைக்கப்பட்டது. கால்நடை டாக்டர் ஒருவர், ஏரிப் பராமரிப்பு என்ஜினியர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வாரியத்தின் கணக்கர் ஒருவர். விருந்தன்று காலையிலேயே சமுதாயக் கூடத்தின் பின்பக்கம் பந்தல் போட்டு, இரண்டு தேக்சாவுக்கும் நடுவே கயிறு கட்டிச் சமையல் தொடங்கியது. காலனியின் தேக்சாவுக்கு விறகு தள்ளும் வேலை இருதயராஜுக்கும் அவன் ஆட்களுக்கும்; பாத்திரம் விளக்கும் வேலை ஜெசிந்தாவுக்கும் இன்னும் சில பெண்களுக்கும்.

மூடியைத் திறந்ததும் இருதயராஜுக்கு வாசனை தெரிந்தது. இரண்டு தேக்சாவிலிருந்தும் வந்தாலும் அது எதிலிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறகைச் சரிபண்ணினான்.

சுவைக் குழு வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. ஊர்த் தேக்சாவிலிருந்து ஆளுக்கொரு கிண்ணம் வைத்தார்கள். "மிதமான காரம், போதிய உப்பு, ஆட்சேபணையில்லை" என்றார் கால்நடை டாக்டர். வாயைக் கொப்பளித்தார்கள். காலனித் தேக்சாவிலிருந்து ஆளுக்கொரு கிண்ணம். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். என்ஜினியர் கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார்.

"இது ரொம்ப நல்லா இருக்கே" என்றார் கணக்கர்.

தமிழ்மணியின் முகம் கறுத்தது. "எது?"

"காலனி. அதுல ஒரு இனிப்பு இருக்கு சார். இளங்கறி. ஊர் ஆடு சந்தையில வாங்கின கெழட்டு ஆடு போல, சக்கையா நிக்குது."

"அப்ப ரெண்டும் சமமில்ல."

"சமமில்ல."

தமிழ்மணி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? காலனிக்கு நல்ல கறி, எங்களுக்குக் கிழட்டுக் கறியா என்று எழுந்து போய்விடுவார்கள். வாரியம் ஒரு தரப்பை உயர்த்தி இன்னொரு தரப்பைத் தாழ்த்தியதாக ஆகிவிடும். மட்டமான கறியை நல்ல கறியாக்க வழியில்லை என்று சமையல்காரர் சொன்னார். நல்ல கறியை என்ன செய்யலாம் என்று தமிழ்மணி கேட்டார்.

காலனித் தேக்சாவில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். சுவைக் குழு சாப்பிட்டுப் பார்த்தது. இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்றது. இன்னொரு குடம். கொழுப்பைக் கரண்டியால் வழித்துக் கொட்டினார்கள். மறுபடி சாப்பிட்டார்கள். ஒப்பிட வேண்டுமென்றால் ஊர்க்கறியையும் கூடவே சாப்பிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் கிண்ணத்தில் துண்டுகள் விழுந்தன. குழம்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். வெயில் உச்சிக்கு வந்தபோது, இரண்டு தேக்சாவிலும் எந்த ருசியும் இல்லை, ஆகவே இரண்டும் சமம் என்று குழு ஒருமனதாக அறிவித்தது. தேக்சாவின் அடியில் எலும்பும் தண்ணீரும் இருந்தன.

ஜெசிந்தா விளக்கப் போட்ட கிண்ணங்களைப் பார்த்தாள். எல்லாமே வழித்து நக்கிச் சுத்தமாக இருந்தன. "அத்தைய தெரியாதவங்கதான் அத்தை வளத்தத சாப்பிட்டுட்டுப் போனாங்க" என்று மட்டும் பக்கத்தில் இருந்த அஞ்சம்மாளிடம் சொன்னாள். அஞ்சம்மாள் லூர்துமேரியோடு சின்ன வயதிலிருந்தே பழகிய சோட்டுக்காரி. மூச்சிரைப்பு உள்ளவள். அவள் சாம்பலைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

விருந்து தொடங்கியது. தலைமை விருந்தினர் நேரங்கழித்து வந்து, இரத்த அழுத்தம் என்று சொல்லி இளநீர் மட்டும் குடித்தார். இலைகள் போட்டார்கள். இருதயராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சீனுவாசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி. அதில் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். சீனுவாசனும் சங்கடத்தோடுதான் இருந்தார். நிமிர்ந்து பார்க்காமல் தன் இலையின் நரம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

தமிழ்மணி மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே. ஆட்டுக்குச் சாதி கிடையாது. அது ஊர்ப்புல்லையும் மேயும், காலனிப் புல்லையும் மேயும். வெட்டும்போது அது எந்தப் பக்கத்து ஆடு என்று கத்திக்குத் தெரியாது. ஆட்டிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. எங்கே இழுத்தாலும் வருகிறது. எதற்கு என்று கேட்பதில்லை. இந்த மனப்பான்மை எல்லாருக்கும், குறிப்பாக மனு கொடுக்கிற சகோதரர்களுக்கு வந்துவிட்டால் நாட்டில் பிரச்சினையே இருக்காது." கைதட்டினார்கள்.

பிறகு போட்டோ. சீனுவாசன் ஒரு துண்டு கறியை எடுத்து இருதயராஜுக்கு ஊட்ட வேண்டும். சீனுவாசன் தன் இலையிலிருந்த துண்டை இரண்டு விரலால் எடுத்து, பூந்தொட்டிக்கு மேலாகக் கையை நீட்டினார். இருதயராஜ் வாயைத் திறந்தான். "அப்படியே இருங்க" என்றான் போட்டோக்காரன். வெளிச்சம் போதவில்லை, விளக்கைத் திருப்பினார்கள். இன்னொரு பத்திரிகைக்காரர் வந்து, வேறு பக்கத்திலிருந்து ஒன்று எடுக்க வேண்டும் என்றார். இருதயராஜ் திறந்த வாயோடு காத்திருந்தான். எச்சில் ஊறி ஓரத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. எல்லாம் எடுத்து முடித்ததும் சீனுவாசன் கையைப் பின்னால் இழுத்து, துண்டைத் தன் இலையின் ஓரத்திலேயே போட்டுவிட்டு, பக்கத்துத் தம்ளரில் விரலை நனைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் இலையைத் தொடவே இல்லை. இருதயராஜ் வாயை மூடிக்கொண்டான்.

அவனுடைய இலையில் கழுத்தெலும்பு ஒன்று விழுந்திருந்தது. ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தபடி மெதுவாக எடுத்து, வாயை மூடிக் கடித்தான். தண்ணீர்தான் தெரிந்தது. ஒருவேளை எலும்புக்குள் இருக்குமென்று உறிஞ்சப் பார்த்தான். உள்ளே தண்ணீர் இறங்காத ஓர் இடத்தில் அந்தத் தித்திப்பு துளியளவு மிச்சம் இருந்தது. அது அவன் நாக்கில் பட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"கறி எப்படி இருக்கு இருதயராஜ்?" என்று மேடையிலிருந்து தமிழ்மணி கேட்டார். ஒருவன் மைக்கைக் கொண்டுவந்து வாயருகே வைத்தான்.

வசனம் அவனுக்கு நினைவிருந்தது. ஆனால் வந்தது வேறு.

"சேறு மாதிரி இருக்குங்க" என்றான். "எங்கம்மாவ ஏரியில தூக்கிக்கினு போனப்ப வாயில சேறு போச்சி. அதான் இருக்குது. இது எங்கம்மா வளத்த ஆடுங்க."

சீனுவாசன் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார். தலைமை விருந்தினர் தமிழ்மணியைப் பார்த்தார். தமிழ்மணி கொஞ்சமும் பதறவில்லை.

"கேட்டீர்களா" என்றார் கூட்டத்தைப் பார்த்து. குரல் தழுதழுத்தது. "ஏரி மண்ணின் வாசனை அடிக்கிறது என்கிறார். தாயின் நினைவு வருகிறது என்கிறார். ஒரு வாய்க் கறியில் மண்ணையும் தாயையும் ஒருசேரக் கண்டுவிட்டார். ஒற்றுமை என்று ஒரே வார்த்தையில் சொல்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அதைவிட மேலே போய்விட்டார்."

கைதட்டல் நெடுநேரம் கேட்டது. மறுநாள் பேப்பரில், 'மண் மணம் கமழ்ந்த சமத்துவ விருந்து' என்று போட்டோ வந்தது. திறந்த வாயோடு இருதயராஜ், நீட்டிய கையோடு சீனுவாசன். கைக்கும் வாய்க்கும் நடுவே இருந்த இடைவெளி போட்டோவில் தெரியவில்லை.

இருதயராஜ் சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு விழுப்புரத்துக்குப் போனான். தமிழ்மணி எழுந்துவந்து கைகுலுக்கினார். அவருக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. வேறு மாவட்டத்துக்குப் போகப்போகிறார். அங்கும் இதே முறையில் செய்யப்போவதாகச் சொன்னார்.

"ரோடு சார்" என்றான் இருதயராஜ்.

"மனு முடிச்சாச்சே."

"ரோடு வுடலிங்களே."

"இருதயராஜ், யோசிச்சுப் பாருங்க. ஒண்ணா உக்காந்து கறி சாப்பிட்டவங்களுக்குள்ள பாதைத் தகராறு இருக்க முடியுமா? இருக்குன்னு நீங்க சொன்னா விருந்து தோத்துப்போச்சுன்னு ஆகும். விருந்து தோக்கல. உலகமே பாத்துச்சு. புன்னைவாடிய முன்மாதிரி ஊரா அறிவிச்சிருக்கோம். மாதிரி ஊர் மேல மனு போட்டா அது அவதூறுல வரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." டீ வந்தது. "அடுத்த வருஷமும் வைக்கணும். சமத்துவத்தை வருஷா வருஷம் புதுப்பிக்கலன்னா போயிடும். ஒரு குட்டிய இப்பவே வளக்க ஆரம்பிச்சிடுங்க."

இருதயராஜ் டீயைக் குடிக்காமல் எழுந்தான். திண்டிவனம் பஸ்ஸில் வரும் வழியெல்லாம், மனுவில் தான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டோமா என்று யோசித்துக்கொண்டே வந்தான். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது ஜெசிந்தா அவனைத் திட்டவில்லை. "நீ சேறுன்னு சொன்ன பாரு. அது ஒண்ணுதான் அன்னிக்கு நம்முளுது" என்றாள்.

கார்த்திகை மழையில் ஏரி நிறைந்து தளும்பியது. அந்த வாரம்தான் அஞ்சம்மாள் செத்தாள். காலனி ஆண்கள் கூடிப் பேசினார்கள். ரோட்டில் போகலாமா என்று யாரோ கேட்டார்கள். போலீஸ் காலையிலேயே வந்து ஊர்த்தெரு முனையில் நின்றிருந்தது. மாதிரி ஊரில் தகராறு எதுவும் நடந்துவிடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவாம்.

ஏரியில் இறங்கினார்கள். முதலில் இடுப்பளவு, பிறகு மார்பளவு. பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அடி அடியாக நகர்ந்தார்கள். பெண்கள் கல்லறைத் தோட்டம் வரை வருகிற வழக்கம் இல்லை. ஆனால் தூக்க ஆள் போதாமல் ஜெசிந்தாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கியிருந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

கரையை ஒட்டியே தார் ரோடு. காலியாக, ஈரத்தில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. சீனுவாசன் புல்லட்டில் வந்தவர் அவர்களைப் பார்த்ததும் நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். அஞ்சம்மாளின் பாடையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"யாரு, அஞ்சம்மாளா? பாவம்" என்றார். பிறகு, "என்ன இருதயராஜ், சௌக்கியமா?" என்றார். டேய் என்று சொல்லவில்லை. விருந்துக்குப் பிறகு அவர் அப்படிச் சொல்வதில்லை. "ஆழம் பாத்து போங்க. நடுவுல பள்ளம் இருக்குது."

இருதயராஜால் திரும்ப முடியவில்லை. இரண்டு கையும் மேலே இருந்தன.

மழையில் பிணம் தூக்கிப் போகிறவர்களைச் சும்மா அனுப்பக்கூடாது என்று தோன்றியதோ என்னவோ, சீனுவாசன் இன்னும் கொஞ்சம் பேசினார். "அன்னிக்கு கறி நல்லா இருந்துச்சி இல்ல?"

தண்ணீருக்குள்ளிருந்து ஜெசிந்தா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"நீங்கதான் வாயில வெக்கலியே பிரசிடென்ட்டு" என்றாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சீனுவாசன் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டார். வண்டி உடனே கிளம்பவில்லை. உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு, இறங்கித் தள்ளிக்கொண்டு ரோட்டின் நடுவில் நடந்து போனார். ஏரிக்குள் பள்ளம் வந்துவிட்டது. "எல்லாரும் கெட்டியா புடிங்க" என்றான் இருதயராஜ். தண்ணீர் கழுத்துக்கு ஏறியது. வாயை இறுக மூடிக்கொண்டு அவர்கள் அஞ்சம்மாளை இன்னும் உயரமாகத் தூக்கினார்கள்.